ஆறு கோப்புகள், ஒரே பெயர்

கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்ற வழி கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒற்றை வரிதான்: ஒரு ஃபார் சுழல் (ஒவ்வொரு கோப்புக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்வது), உள்ளே ஓர் எம்வி (mv, பெயர் மாற்றும் கட்டளை), நடுவில் கொஞ்சம் டாலரும் மேற்கோள் குறியும். அந்த வரி வேலை செய்யும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை செய்யும் என்பதுதான் அதிலுள்ள கோளாறே. அதை எழுதித் தருபவர் பெயரை ஒரு சொற்றொடராக மட்டும் பார்க்கிறார்: இந்த எழுத்தை எடு, அந்த எழுத்தைப் போடு, முடிந்தது. லினக்ஸ், மேக் என்று யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் பெயர் மாற்றம் நடக்கும் விதமே வேறு. அடியில், இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும் ரீநேம் என்ற அழைப்பு, புதுப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதைக் கேள்வி கேட்காமல் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கும். குப்பைத்தொட்டி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, பிழைச்செய்தி கிடையாது. இது பிழையும் அல்ல. பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாமல் பழையதன் இடத்தில் புதியதை ஒரே அசைவில் வைக்க வேண்டும் என்று எண்ணற்ற நிரல்கள் நம்பியிருக்கும் வசதி அது. ஆனால் அந்த வசதியை நானூறு கோப்புகள் மேல் ஒரு சுழலில் ஓடவிடுபவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சின்ன உதாரணம். ஒரு கோப்புறையில் 001 முதல் 010 வரை பத்துக் கோப்புகள். முன்னால் ஓர் அட்டைப்படம் சேர்க்க வேண்டும், ஆகவே எல்லாவற்றையும் ஓர் எண் தள்ள வேண்டும். வழக்கமான சுழல் ஏறுவரிசையில் போகும்: 001 என்பது 002 ஆகும், அங்கிருந்த 002 அந்த நொடியே காலி. அடுத்து 002 என்பது 003 ஆகும். ஆனால் இப்போது அந்த 002-க்குள் இருப்பது பழைய 001. இப்படியே ஓடி முடியும்போது கோப்புறையில் 011 என்ற ஒரே கோப்பு இருக்கும், உள்ளே முதல் பக்கம் இருக்கும். மற்ற ஒன்பதும் போயே போய்விட்டன. பந்தியில் எல்லாரும் ஓர் இலை தள்ளி உட்கார வேண்டுமென்றால் கடைசியில் இருப்பவர்தான் முதலில் எழ வேண்டும். இங்கும் இறங்குவரிசையில் போனால் சரியாகிவிடும்.

சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு பேஷ் ஷெல்லின் (நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) இன்னொரு குணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 010 என்பதை அப்படியே கணக்குக்குள் கொடுத்தால், சுழியில் தொடங்குவதால் அதை எட்டடிமான எண்ணாக, அதாவது 0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ள முறையில், படிக்கும். எட்டடிமானத்தில் 010 என்பது எட்டு. ஒன்று கூட்டினால் ஒன்பது. ஆக இறங்குவரிசையில் போகும் கவனமான சுழலின் முதல் வேலையே 010-ஐ 009-இன் தலையில் போடுவதாக இருக்கும். அடுத்து 009 வரும்போது எட்டடிமானத்தில் ஒன்பது என்ற இலக்கமே இல்லை என்று பிழைச்செய்தி வந்து நிற்கும். அதற்குள் ஒரு கோப்பு போய்விட்டது. எண்ணுக்கு முன்னால் 10# என்று ஒட்டினால் பத்தடிமானமாகப் படிக்கும். முன்சுழிகளைத் திரும்பச் சேர்க்க பிரிண்ட்எஃப் கட்டளையில் %03d வடிவம் போதும்.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்றும் புரியாமல் உறுத்தும். டாஸ் காலத்து ரென் கட்டளையில் நட்சத்திரக் குறி இரண்டு பக்கமும் போட்டு நீட்சியை மாற்றலாம். குறியைப் பார்ப்பது கட்டளையே. யுனிக்ஸில் நட்சத்திரத்தை ஷெல் முதலில் விரித்துவிடும், எம்விக்குப் போய்ச் சேர்வது வெறும் பெயர்ப் பட்டியல். அதனால் ‘எம்வி *.டிஎக்ஸ்டி’ என்று பாதி அடித்துவிட்டு எண்டர் தட்டினால், அங்கே சரியாக இரண்டு கோப்புகள் இருந்தால், முதலாவது இரண்டாவதன் மேல் ஏறிவிடும். மூன்று இருந்தால் கடைசிப் பெயர் கோப்புறை இல்லை என்று திட்டு விழும். இரண்டு இருப்பதுதான் ஆபத்தான எண்ணிக்கை.

கல், கால், கிலி, கூலி, கேலி, கோலி

மேலே சொன்னதெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் நேரக்கூடியது. தமிழிலும் அதுபோன்ற இந்திய மொழிகளிலும் பெயர் வைத்த கோப்புகளுக்கு நேரும் விபத்து ஒன்று உண்டு; கையேடுகள் எழுதுபவர்கள் இதைக் கண்டிருக்கவே வாய்ப்பில்லை. பெயர்களைச் ‘சுத்தம்’ செய்யும் ஸ்கிரிப்ட் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். இடைவெளி, அடைப்புக்குறி, காற்புள்ளி எல்லாம் எடுத்துவிட்டு எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துக்கொள்வது அதன் வேலை. பைத்தான் மொழியில் எழுதினால் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) ‘சொல் எழுத்து அல்லாத அனைத்தும்’ என்று ஒரு குறி போட்டு வெற்றாக மாற்றுவார்கள். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம் எதைச் சொல் எழுத்து என்று கொள்கிறது? எழுத்து, எண், அடிக்கோடு. யூனிகோடில் க, ல, ழ எல்லாம் எழுத்து வகை. ஆனால் துணைக்கால், கொக்கி, கொம்பு, புள்ளி ஆகியவை எழுத்து வகை அல்ல. அவை ‘சேர்க்கைக் குறி’ என்ற தனி வகை. ஆகவே சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் அவற்றைக் காற்புள்ளியோடு சேர்த்துத் துடைத்துவிடும். தமிழ் என்பது தமழ ஆகும்.

பெயர் அசிங்கமாவதோடு நின்றால் பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் கல், கால், கிலி, கூலி, கேலி, கோலி என்று ஆறு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன என்று வையுங்கள். உயிர்க்குறியும் புள்ளியும் போனால் ஆறும் ‘கல’. ஆறு கோப்புகளும் வரிசையாக ஒரே பெயருக்குப் போகும். கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். பைத்தானின் ரீநேம் செயற்கூறு லினக்ஸிலும் மேக்கிலும் கெர்னல் அழைப்பை அப்படியே கூப்பிடுவதால் ஒரு முனகலும் இல்லாமல் மேலெழுதும். அதே ஸ்கிரிப்டை விண்டோஸில் ஓட்டினால் இரண்டாவது கோப்பிலேயே ‘ஏற்கெனவே உள்ளது’ என்று நின்றுவிடும். விண்டோஸ் மடிக்கணினியில் நாலு மாதிரிக் கோப்புகளை வைத்துச் சோதித்து, ‘ஓடுகிறது’ என்று லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், பாதுகாப்பு இருந்த இடத்தில் சோதனை நடந்திருக்கிறது, இல்லாத இடத்தில் வேலை நடக்கிறது.

இதற்குப் பெர்ல் மொழியை எடுத்துக்கொண்டால் தப்பலாமா என்றால், பாதி. பெர்லின் சொல் எழுத்து வகைக்குள் சேர்க்கைக் குறிகளும் அடக்கம். ஆனால் அது பெயரை யூனிகோடாகப் படித்திருந்தால் மட்டும். கட்டளை வரியில் வரும் பெயர் அதற்கு இயல்பில் வெறும் பைட் வரிசை. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. பைட்டாகப் பார்க்கும் ரெஜெக்ஸில் சதுர அடைப்புக்குள் ‘கச’ என்று போட்டால், க அல்லது ச என்று அது எடுத்துக்கொள்ளாது. அந்த ஆறு பைட்டுகளில் எது வந்தாலும் பொருந்தும். முதல் பைட் பொதுவென்பதால் பெயரிலுள்ள எல்லாத் தமிழ் எழுத்தும் கிழியும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் கிடைக்கும் பெர்ல் ரீநேம் கட்டளையில் -யு (-u) என்று கொடுத்து யூடிஎஃப்-8 என்று சொன்னால் பெயரை எழுத்தாகப் படிக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் டிஆர் (tr) கட்டளையின் குனூ பதிப்பு பைட் பைட்டாகத்தான் வேலை செய்யும், தமிழெழுத்தை மாற்ற அதைத் தொடாதீர்கள்.

பைத்தானில் வேலையை முடிக்க வேண்டுமானால், தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ (regex) என்ற தொகுப்பின் சொல் எழுத்து வகை சேர்க்கைக் குறிகளையும் ஏற்கும். ஆனால் என் கருத்தில் சுத்தத்தின் திசையையே திருப்பிவிடுவது மேல். எதை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போடாமல், எதை நீக்குவது என்று போடுங்கள். விண்டோஸ் ஏற்காத குறிகள் ஒன்பதுதான்: < > : " / \ | ? * என்பவை. அவற்றோடு பெயரின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி, கடைசியில் வரும் புள்ளி, வரிமுறிவு போன்ற கட்டுப்பாட்டுக் குறிகள். இவை போதும். தமிழ் எழுத்து என்ன, மலையாளம் என்ன, ஒன்றையும் இந்தப் பட்டியல் தொடாது. ஆங்கில எழுத்து, எண், நீட்சிக்கு முன்வரும் புள்ளி தவிர எல்லாவற்றையும் நீக்கும் ஸ்கிரிப்ட்கள் இன்னும் மோசம்: தமிழ்ப் பெயர் முழுவதும் போய், மிஞ்சுவது புள்ளியும் நீட்சியும் மட்டும். புள்ளியில் தொடங்கும் பெயர் யுனிக்ஸில் மறைகோப்பு. நூறு கோப்புகள் ஒன்றாகிவிட்டன என்பது மட்டுமல்ல, அந்த ஒன்றும் பட்டியலில் தெரியாது.

ஒத்திகை போதாது, காலி கோப்புறை வேண்டும்

எல்லாக் கையேடும் சொல்லும் அறிவுரை, முதலில் ஒத்திகை பார் என்பது. ரீநேம் கட்டளையில் -என் (-n) கொடுத்தால் எது எதுவாகும் என்று அச்சிடும், ஒன்றையும் தொடாது. நல்ல பழக்கந்தான். ஆனால் அதன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அதிகம். ஒத்திகையில் உண்மையில் எதுவும் மாறுவதில்லை. ஆகவே இரண்டு கோப்புகள் ஒரே புதுப்பெயருக்குப் போகப்போகின்றன என்றால், அந்தப் பெயர் இப்போது காலியாக இருப்பதால் இரண்டு வரியும் குற்றமில்லாமல் அச்சாகும். நானூறு வரிகளில் பன்னிரண்டாவதும் முந்நூற்று எட்டாவதும் ஒன்றென்று எந்தக் கண் பிடிக்கும்? இசட்எஸ்எச் (zsh) ஷெல்லோடு வரும் இசட்எம்வியும் (zmv), எம்எம்வி (mmv) என்ற பழைய கருவியும் இந்த விஷயத்தில் யோக்கியமானவை. முழுத் திட்டத்தையும் முதலில் கட்டி, மோதல் இருந்தால் ஒரு கோப்பைக்கூடத் தொடுமுன் நின்றுவிடும்.

அந்தக் கருவிகள் இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது, அதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். அதே கோப்புறைக்குள் ஒரு காலி துணைக்கோப்புறை உண்டாக்குங்கள். பெயரை மாற்றும்போதே அதற்குள் நகர்த்துங்கள், எம்விக்கு -என் கொடுத்து; எம்வியில் -என் என்றால் ஒத்திகை அல்ல, மேலெழுதாதே என்று பொருள். ஒரே வட்டுப் பகிர்வுக்குள் நகர்த்துவது வெறும் பெயர்ப்பதிவு மாற்றம், நூறு ஜிபி காணொளியானாலும் கணத்தில் முடியும். இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். புதுப்பெயர் எதுவும் இன்னும் மாறாத பழைய கோப்போடு மோத முடியாது, ஏனென்றால் அவை வேறு கோப்புறையில். எண் தள்ளும் வேலையில் ஏறுவரிசையா இறங்குவரிசையா என்ற கவலையே இல்லை. புதுப்பெயர்கள் தங்களுக்குள் மோதினால், இரண்டாவதாக வந்தது நகராமல் பழைய இடத்தில் பழைய பெயரோடு கிடக்கும். சுழல் முடிந்ததும் பழைய இடத்தில் எதுவும் மிஞ்சவில்லையென்றால் மோதலே இல்லை. ஐந்து மிஞ்சினால், அந்த ஐந்துதான் கூலி, கேலி வகையறா. கையில் எடுத்துப் பார்க்கலாம்.

அதே எம்வி -என் கட்டளையைத் துணைக்கோப்புறை இல்லாமல் ஓட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. 001 முதல் 010 வரையிலான அதே பத்தை ஏறுவரிசையில் தள்ளினால், முதல் ஒன்பதும் தடுக்கப்பட்டு, 010 மட்டும் 011 ஆகும். ஒன்றும் அழியவில்லை, சரி. ஆனால் ‘என்னடா பாதிதான் நடந்திருக்கிறது’ என்று மறுபடி ஓட்டினால் 009 என்பது 010 ஆகும், 011 என்பது 012 ஆகும். மூன்றாவது முறை ஓட்டினால் எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. துணைக்கோப்புறை முறையில் மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே போனவை பட்டியலில் வராது.

இதோடு ஒரு பட்டியலும் வையுங்கள்: ஒரு வரிக்கு ஒரு கோப்பு, பழைய பெயர், டேப், புதுப்பெயர். சுழலிலேயே எம்விக்கு முன் பிரிண்ட்எஃப் போட்டு ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகலாம். புதுப்பெயர்ப் பத்தியை மட்டும் வெட்டி, சார்ட் (sort) கட்டளையால் வரிசைப்படுத்தி, யூனிக் -டி (uniq -d) கொடுத்தால் இரட்டிப்புகள் மட்டும் வெளிவரும்; மொழியமைப்பைப் பொறுத்து ஒப்பீடு மாறாதிருக்க எல்சி_ஆல்=சி (LC_ALL=C) என்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பத்திகளைத் தலைகீழாகப் படித்தால் பழைய நிலைக்குத் திரும்பும் ஸ்கிரிப்டும் அதுவே.

ரீநேம் என்று இரண்டு பேர்

ஒரே பெயரில் இரண்டு கட்டளைகள் உலவுவது இந்தத் துறையின் பழைய தலைவலி. ஒன்று பெர்லில் எழுதியது. பெர்ல் மொழியை உருவாக்கிய லேரி வால் எழுதிய சிறு ஸ்கிரிப்டில் தொடங்கியது. அதற்கு எஸ்/பழையது/புதியது/ என்று பெர்ல் வாக்கியத்தையே கொடுக்க வேண்டும். -எஃப் கொடுத்து வற்புறுத்தினாலொழிய இருக்கும் கோப்பை மேலெழுதாது. மற்றது யூட்டில்-லினக்ஸ் என்ற கருவித் தொகுப்பில் வருவது; ஃபெடோரா, ஆர்ச் என்ற லினக்ஸ் வகைகளில் ரீநேம் என்று அடித்தால் வருவது இதுதான், டெபியனில் இதற்கு ரீநேம்.யுஎல் என்று பெயர். இது ரெஜெக்ஸ் அறியாது. பழைய துண்டு, புதுத் துண்டு, பிறகு கோப்புகள்; ஒவ்வொரு பெயரிலும் முதலில் வரும் துண்டை மட்டும் மாற்றும். முக்கியமாக, தடுக்கச் சொல்லாவிட்டால் கேட்காமலே மேலெழுதும்; -ஓ கொடுத்தால்தான் நிறுத்தும். உபுண்டுவுக்கு எழுதிய குறிப்பை ஃபெடோராவில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் சாய்கோடுகளோடு கூடிய அந்த வாக்கியத்தை அது சாதாரணத் துண்டாகத் தேடும், கிடைக்காது. முதலில் ரீநேம் --வெர்ஷன் அடித்து யாரென்று பாருங்கள்.

ஒன்றாகத் தெரியும் இரண்டு

ஒரே பெயராகத் தெரிந்தும் கோப்பு வேறு வேறாக இருப்பது மோதலின் மறுபக்கம். ‘கோவில்’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோட் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) என்ற கோப்பு முறைமைக்கு பைட் வேறென்றால் பெயர் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ வடிவம் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். 2017-இல் வந்த ஹை சியரா பதிப்பிலிருந்து அதன் இடத்தில் வந்த ஏபிஎஃப்எஸ் வடிவம் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்புறையில் ‘கோ*’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காததற்கு இதுவே காரணம். கான்வ்எம்வி (convmv) என்ற கருவிக்கு இரு பக்கமும் யூடிஎஃப்-8 என்று சொல்லி --என்எஃப்சி கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரும். அது இயல்பிலேயே ஒத்திகை மட்டும் பார்க்கும். --நோடெஸ்ட் சொன்னால்தான் மாற்றும். எல்லாக் கருவியும் இப்படி இருந்திருக்கலாம்.

ஆனால் கௌரியைக் கெளரி என்று ளகரம் போட்டு அடித்தவரை கான்வ்எம்வி திருத்தாது; யூனிகோடுக்கு அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். ஸ்ரீ-யும் அப்படி: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது ஒன்று, பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. இவற்றுக்குத் தனித்தனியாக மாற்று வரி எழுதத்தான் வேண்டும், காலி கோப்புறை முறையோடு.

நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழுக்கு மூன்று பைட் வீதம் 85 குறிகள், அதிலும் ‘கோ’ இரண்டு குறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகுகளை ஏற்பதால் அங்கே 120 குறியில் சௌகரியமாக இருந்த சொற்பொழிவுத் தலைப்பு லினக்ஸுக்கு வரும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று வாசலிலேயே நிற்கும். தேதியை முன்னால் ஒட்டும் ஸ்கிரிப்டும் இதே சுவரில் முட்டும்; தேதி பதினொரு பைட், ஏற்கெனவே 82 தமிழ்க் குறி உள்ள பெயருக்கு இடமில்லை. தலைப்பை வெட்டும்போது பைட் கணக்கில் வெட்டாதீர்கள், குறி நடுவில் அறுந்து பெயர் கேள்விக்குறிகளாகும்.

வரிசை எண் ஒட்டுபவர்கள் கோப்புகள் எந்த வரிசையில் வருகின்றன என்று ஒருமுறை பார்க்க வேண்டும். யூனிகோட் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அல்ல. யூனிகோட் எண்களைப் பார்த்தே வரிசைப்படுத்தும் சி மொழியமைப்பில் (LC_ALL=C) பறவை, பலா, பளிங்கு, பழம், பவளம் என்று வரும். நம் அகராதியில் பலா, பவளம், பழம், பளிங்கு, பறவை. பாடல் தொகுப்பின் முதற்குறிப்பு அகரவரிசையில் எண் போடுகிறீர்கள் என்றால் ஷெல் விரிப்பதை நம்பாமல், பெயர்ப்பட்டியலை ஒரு கோப்பில் கொட்டி, கையால் வரிசைப்படுத்தி, அதைப் படித்து எண் ஒட்டுங்கள்.

கேமரா படங்களுக்கு மட்டும் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், படத்துக்குள் பதிந்த தகவலைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் (exiftool) இருக்கிறது. கேமரா பெயர்களில் எண் நாலு இலக்கம், 9999-க்குப் பிறகு 0001, ஆகவே இரண்டு நினைவட்டைகளை ஒரே கோப்புறையில் கொட்டும்போதே மோதல் நடக்கும், பெயர் மாற்றும் வரை காத்திருக்காது. எக்ஸிஃப்டூலில் எடுத்த நேரத்தைக் கோப்புப்பெயர் புலத்துக்கு மாற்றி, ஒரே நொடியில் எடுத்த தொடர்படங்களுக்கு நகல் எண் ஒட்டும் -சி குறியைத் தேதி வடிவத்தில் சேர்த்தால் போதும். கோப்புப்பெயர் என்ற இடத்தில் டெஸ்ட்நேம் என்று எழுதினால் ஒத்திகை. இருக்கும் கோப்பின் மேல் அது எழுதாது.

கோப்புறைகளின் பெயரும் மாற வேண்டுமென்றால் கோப்புகளைத் தேடித்தரும் ஃபைண்ட் (find) கட்டளைக்கு -டெப்த் (-depth) கொடுங்கள், உள்ளிருந்து வெளியே வரும். இல்லாவிட்டால் தாய்க்கோப்புறை பெயர் மாறியதும் உள்ளே இருப்பவற்றின் பாதையெல்லாம் பொய்யாகும். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (git) களஞ்சியத்துக்குள் மாற்றினால் தமிழ்ப் பெயர்கள் \340\256 என்று எண்களாகத் தெரியக்கூடும், கோர்.கோட்பாத் (core.quotepath) அமைப்பைப் பொய் (false) என்று வைத்தால் எழுத்தாகத் தெரியும். பெயர்ப் பட்டியலைக் களஞ்சியத்திலேயே சேர்த்துவிடுங்கள். பழைய பெயரைச் சுட்டும் பாடல் பட்டியலோ எச்டிஎம்எல் இணைப்போ இருந்தால், அவற்றை மாற்றவும் அதே இரண்டு பத்திகள்தான் தேவைப்படும்.